கரூர் அலுவலகத்தில் வெடித்த புரொஜெக்டர் லேம்ப்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். கரூரில் துண்டு, மேஜை விரிப்பு, திரைச்சீலை என்று வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அண்ணா, மீட்டிங் ஹால்ல புரொஜெக்டர் வெடிச்சிருச்சுங்க. கொஞ்சம் வர முடியுங்களா?"

யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இப்போது அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் இங்கதானுங்க இருக்கோம். டிவியில கனெக்‌ஷன் குடுத்து மீட்டிங் ஓடிட்டிருக்குங்க." ஏசி ஓடுகிறதா? ஓடுகிறது. ஜன்னல்? மூடியிருக்கிறது. கூட்டுகிற அக்காவை வரச் சொல்லியிருக்கிறோம், கண்ணாடித் துண்டு கொஞ்சம் கீழே கிடக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், விளக்குமாறு உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெடித்து அதற்குள் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

கரூர் வட்டாரத்தில் எலக்ட்ரிகல், புரொஜெக்டர், சிசிடிவி வேலைகளைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். அந்தப் புரொஜெக்டரை மாட்டியது நான் இல்லை. ஆனாலும் அதற்கு முன்பு வேறு வேலையாக இரண்டு முறை அந்த ஹாலுக்குப் போயிருக்கிறேன். கூரையில் ப்ளைவுட் பெட்டிக்குள் அது இருந்த விதத்தைப் பார்த்திருக்கிறேன். நம்மைக் கேட்கவில்லையே என்று பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இதை இவ்வளவு விரிவாக எழுத அதுவும் ஒரு காரணம்.

நடந்தது என்ன

அங்கிருந்த நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வரிசைப்படுத்தியது இது. மதியம் இரண்டு மணிக்கு வெளிநாட்டு பையருடன், அதாவது துணி வாங்குபவருடன், வீடியோ கால். சாம்பிள் படங்களைப் புரொஜெக்டரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கரண்ட் வந்ததும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி ரிமோட்டை அழுத்தினார். லேம்ப் எரியவில்லை. மறுபடி அழுத்தினார், எரியவில்லை. மூன்றாவது முறை எரிந்தது. பையர் காத்திருக்கிறாரே என்ற அவசரம், யாரையும் குறை சொல்ல முடியாது. அதன்பின் இருபது நிமிடம் படம் ஓடியிருக்கிறது. அப்புறம் 'டப்' என்று டியூப்லைட் உடைவதைவிடப் பெரிய சத்தம். படம் அணைந்தது. காற்று வெளியேறும் கம்பி இடுக்கு வழியாக மெல்லிய புகையும் பொடிக் கண்ணாடியும் இறங்கின. அதற்கு நேர் கீழே ஒரு பெண் ஊழியர் உட்கார்ந்திருந்தார். அவருடைய நோட்டின் மேல் இரண்டு துண்டு விழுந்தது. நல்ல வேளை, அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், மேலே பார்க்கவில்லை.

முன்னறிகுறிகளும் இருந்திருக்கின்றன. ஏப்ரலில் இரண்டு முறை புரொஜெக்டர் தானாகவே அணைந்துபோனது, ஆரஞ்சு விளக்கு மின்னியது. கரண்ட் பிரச்சினை என்று நினைத்து, மேஜை ஃபேன் ஒன்றைக் கூரையை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் ஃபேன் சில மாதங்களாகவே பெரிதாக இரைந்துகொண்டிருந்தது என்று எல்லோருமே சொன்னார்கள். தினமும் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

அந்த லேம்புக்குள் இருப்பது

புரொஜெக்டர் லேம்பைச் சாதாரண பல்பு என்று நினைப்பவர்களே அதிகம். இந்த அலுவலகத்தில் இருந்தது 1990களின் நடுவில் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த யுஎச்பி என்ற உயர் அழுத்தப் பாதரச விளக்கு வகையைச் சேர்ந்தது. உள்ளே இழை எதுவும் கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு டங்ஸ்டன் முனைகள், அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, கொஞ்சம் பாதரசம். எரியத் தொடங்கியதும் பாதரசம் ஆவியாகி, உள்ளே அழுத்தம் சுமார் 200 வளிமண்டல அளவுக்கு ஏறுகிறது. நம்மூர் லாரி டயரில் அடிக்கும் காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு. குவார்ட்ஸ் சுவரின் வெப்பம் ஆயிரம் டிகிரியை ஒட்டி நிற்கும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கண்ணாடி இதையெல்லாம் வருடக்கணக்கில் தாங்குகிறது. நன்றாகச் செய்யப்பட்ட பொருள்தான். ஆனால் அது தாங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எரியும்போதும், அணைந்த பிறகு சில நிமிடங்களுக்கும், ஃபேன் காற்று சரியான அளவில் அதன்மேல் பாய வேண்டும்.

அந்தக் குமிழின் இரு முனைகளிலும் கம்பி உள்ளே நுழையும் இடத்தை மெல்லிய மாலிப்டினம் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு சுமார் 350 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் தகடு மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பருக்கும், பக்கத்துக் கண்ணாடியில் விரிசல் விடும். கரண்ட் போய் ஃபேன் சட்டென்று நின்றால், நடுவில் தேங்கிய சூடு வெளியே போக வழியில்லாமல் அக்கம்பக்கத்தில் பரவும். ஒரு முறை அப்படி ஆனால் லேம்புக்கு ஒன்றும் ஆகாது. தினமும் ஆனால்?

சூடான லேம்பு உடனே எரியாததற்குக் காரணமும் அந்த அழுத்தம்தான். எரியத் தொடங்க பல ஆயிரம் வோல்ட் தீப்பொறி முனைகளுக்கிடையே தாண்ட வேண்டும். உள்ளே அழுத்தம் குறையாமல் அது தாண்டாது. ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டால் தானே எரியும். திரும்பத் திரும்ப அழுத்துவது முனைகளையும் பவர் பலகையையும் வதைப்பதுதான்.

சுத்தம் செய்தது

நான் போனபோது ஜன்னல்கள் திறந்திருந்தன. அரை மணி நேரம் ஆகட்டும் என்று எல்லோரும் வராந்தாவில் காத்திருந்தோம். லேம்பில் உள்ள பாதரசம் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். ஆனால் மூடிய அறையில், ஏசி அதே காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பும்போது, அதைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. வேக்குவம் கிளீனரும் விளக்குமாறும் வேண்டாம் என்பதும் இதனால்தான். இரண்டுமே பொடியையும் ஆவியையும் கிளப்பிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டையால் துண்டுகளை ஒதுக்கி எடுத்தேன். பொடியைச் செலோடேப்பால் ஒற்றி எடுத்து, கடைசியில் ஈரத்தாளால் துடைத்தேன். எல்லாவற்றையும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அடைத்தேன். கண்ணாடி விழுந்த இடத்தில் விரித்திருந்த சாம்பிள் டவல் இரண்டையும் தூக்கிப் போடச் சொன்னேன்.

பாதரச விளக்குகள் நம் நாட்டின் மின்கழிவு விதிகளுக்குள் வருபவை. குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அந்த டப்பாவை, அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துச் செல்லும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்தோம். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு எத்தனை வருடப் பிரச்சினையாக நின்றது என்பது நமக்குத் தெரியும். ஒரு லேம்புக்கும் அதற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கலாம், பொருள் அதேதான்.

பெட்டியைத் திறந்தபோது

மறுநாள் காலை ப்ளைவுட் பெட்டியைக் கழற்றி, புரொஜெக்டரைக் கீழே இறக்கினோம். 2018-ல் மாட்டியது. மூன்று எல்சிடி தகடுகள் உள்ள வகை, வெளிச்ச அளவு 3,300 லூமன், படம் 1280க்கு 800 புள்ளிகள்.

முதலில் ஃபில்டர். மூடியைத் திறந்ததும் எனக்கே திக்கென்றது. ஃபில்டரே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மேல் பஞ்சு படிந்து, அழுந்தி, சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல ஒரே தகடாக உரிந்து வந்தது. கீழ்த்தளத்தில் செக்கிங், பேக்கிங். அங்கிருந்து மாடிப்படி வழியே பஞ்சு ஏறி வருகிறது. போதாததற்கு, பையர் வரும்போதெல்லாம் டெர்ரி துண்டுகளை அந்த ஹாலிலேயே உதறி விரித்துக் காட்டுகிறார்கள். மேனுவலில் ஃபில்டர் சுத்தம் செய்ய ஒரு கால இடைவெளி போட்டிருக்கும். அது சாதாரண அலுவலகத் தூசிக்கான கணக்கு. கரூர், ஈரோடு, திருப்பூர் போன்ற ஊர்களில் துணி புழங்கும் கட்டடத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ஐந்து வருடத்தில் இந்த ஃபில்டரை ஒருவரும் தொடவில்லை. ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது பெட்டி. ஃபால்ஸ் சீலிங்கோடு அழகாகச் சேர வேண்டும் என்று இன்டீரியர் வேலை செய்தவர்கள் மூன்று பக்கமும் அடைத்திருந்தார்கள். பக்கவாட்டில் இரண்டு அங்குலம்தான் இடம். வெளியேறும் சூடான காற்று பலகையில் மோதித் திரும்பி, காற்று இழுக்கும் பக்கத்துக்கே வந்திருக்கிறது. இப்படிப்பட்ட புரொஜெக்டர்கள் பெரும்பாலும் சுற்றுப்புற வெப்பம் 35 அல்லது 40 டிகிரிக்குள் இருந்தால்தான் இயங்கலாம் என்று போட்டிருப்பார்கள். ஹாலில் ஏசி 24-ல் ஓடினாலும் பெட்டிக்குள் இருந்தது வேறு ஊர். ஒரே மாதிரியான வேறொரு புரொஜெக்டரை அந்தப் பெட்டியில் அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காற்று இழுக்கும் வாயருகே 47 டிகிரி காட்டியது. அது சுத்தமான ஃபில்டரோடு.

மூன்றாவதைக் கண்டுபிடித்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. மாற்று லேம்பைப் போட்டு மெனுவைத் திறந்தால், பழைய லேம்ப் 760 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. புரொஜெக்டரின் மொத்த ஓட்டம் 5,700 மணி நேரம். அப்படியென்றால் 4,940-ல் லேம்பை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் லேம்ப் வாங்கிய பில் எதுவும் அலுவலகத்தில் இல்லை. உடைந்த லேம்பின் கூட்டில் இருந்த எண்ணே, 2018-ல் புரொஜெக்டர் வந்த அட்டைப்பெட்டியிலும் இருந்தது. 'லேம்பை மாற்றவும்' என்ற எச்சரிக்கை திரையில் வந்துகொண்டே இருந்ததால், யாரோ மெனுவுக்குள் போய் மணி நேரக் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டார்கள். எச்சரிக்கை நின்றுபோனது. 5,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட லேம்ப் அதைத் தாண்டி 700 மணி நேரம் ஓடியது.

குறிப்பிட்ட மணி நேரம் முடிந்த உடனே எல்லா லேம்பும் வெடித்துவிடாது. அந்தக் கணக்கு பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகும் காலத்தைச் சொல்வது. ஆனால் வயதாக ஆகக் குவார்ட்ஸ் பளிங்காக மாறி வெளுக்கும், மெல்ல உப்பும், பலம் குறையும். நான் பொறுக்கிய துண்டுகளில் பாலாடை படிந்த மாதிரி அந்த வெண்மை நன்றாகத் தெரிந்தது.

நான்காவது, கதவோரத்து சுவிட்ச். ஹாலின் லைட், ஏசி, புரொஜெக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு. மீட்டிங் முடிந்ததும் கடைசியாக வெளியேறுபவர் எல்லா சுவிட்சையும் வரிசையாகத் தட்டிவிட்டுப் போவார். சிக்கனமான நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு தட்டலில் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஃபேனும் நின்றுபோகும். ஒரு நாளைக்கு இரண்டு மீட்டிங் என்றாலும், ஐந்து வருடத்தில் எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெடிப்புக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் அதைவிட மோசமாகியிருக்கக் கூடிய இரண்டு விஷயங்களும் கிடைத்தன.

ஒன்று, எர்த் இல்லை. கேபிள் சொருகும்போது கையில் சுர்ரென்கிறது என்று அந்தப் பெண் ஊழியர் முன்பே சொல்லியிருக்கிறார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை இருந்தது, பின்னால் கம்பி இல்லை. புரொஜெக்டருக்குள் இருக்கும் மின் வடிகட்டியின் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் புரொஜெக்டரின் உலோகப் பாகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேபிளின் உலோக முனையில் நிற்கும். அங்கே நல்ல எர்த்துக்கும், படம் வரும் எச்டிஎம்ஐ கேபிளின் முனைக்கும் இடையே மீட்டர் 110 வோல்ட் காட்டியது. மின்னோட்டம் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போயிற்று. உள்ளே இன்சுலேஷன் கெட்டிருந்தால் அதே முனையில் முழு 230 வோல்ட்டும் நின்றிருக்கும்.

இன்னொன்று, மாட்டியிருந்த பிராக்கெட். ஸ்க்ரூ துருப்பிடிக்காமல் இருக்க யாரோ எண்ணெய் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். புரொஜெக்டரின் உடல் பிளாஸ்டிக். எண்ணெயும், ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் பசையும் அந்தப் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்து, புரொஜெக்டர் கீழே விழலாம் என்று மேனுவல்களிலேயே எச்சரிக்கை இருக்கும். இங்கே நான்கு ஸ்க்ரூ குழிகளில் இரண்டைச் சுற்றி முடி மாதிரி விரிசல் ஓடியிருந்தது. விழுந்தால் பிடித்துக்கொள்ளப் பாதுகாப்புக் கம்பி எதுவும் இல்லை. கீழே உட்கார்ந்திருந்தவர் அதே பெண் ஊழியர்தான்.

ஏன் எப்போதும் முழு வெளிச்சத்தில் ஓடியது

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் முழுக் கதையும் விளங்கியது. வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடில் ஓட்டியிருந்தால் லேம்பின் சூடும் குறைந்திருக்கும், ஆயுளும் கூடியிருக்கும். "படம் மங்கலா தெரியுதுங்கண்ணா, அதனால ஃபுல்லுலயே வெச்சிருந்தோம்" என்றார்கள். 3,300 லூமன் புரொஜெக்டர், ஆறு அடி அகல ஸ்கிரீன். மங்கலாகத் தெரியவே கூடாது.

டேப்பை எடுத்து அளந்தேன். புரொஜெக்டரிலிருந்து ஸ்கிரீன் வரை 14 அடி. ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் த்ரோ விகிதம் என்று ஒன்று உண்டு. தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. இந்த மாடலுக்கு 1.5 முதல் 1.77 வரை. 14-ஐ 1.77-ஆல் வகுத்தால் 7.9. அதாவது ஜூமை எவ்வளவு சுருக்கினாலும் படம் ஏறக்குறைய எட்டு அடி அகலத்துக்குக் குறையாது. ஸ்கிரீனோ ஆறடி. என்ன செய்திருக்கிறார்கள் என்றால், மெனுவில் டிஜிட்டலாகப் படத்தைச் சுருக்கி ஆறடிக்குள் அடக்கியிருக்கிறார்கள். லேம்ப் வெளிச்சம் அதே எட்டடிக்குத்தான் பரவுகிறது, சுற்றிலும் உள்ள ஓரத்தைக் கருப்பாக்கி வீணடிக்கிறது. பரப்பளவு கணக்கில் பார்த்தால் படத்துக்குக் கிடைத்தது 58 சதவீதம் மட்டும். 3,300 லூமனில் 1,900. புள்ளிகளும் அதே விகிதத்தில் போய்விட்டதால்தான் எக்ஸெல் எழுத்துகள் கலங்கித் தெரிந்திருக்கின்றன. போதாததற்குப் பெட்டி ஹாலின் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை அடி விலகியிருந்தது. அந்தக் கோணலை, படத்தை டிஜிட்டலாக நிமிர்த்தும் கீஸ்டோன் போட்டுச் சரிசெய்திருந்தார்கள். அதிலும் கொஞ்சம் வெளிச்சம் போயிற்று.

14 அடியில் ஏன் மாட்டினார்கள்? பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. ஒரு வயர் இழுக்கச் சோம்பல்பட்டதில், தப்பான தூரம். தப்பான தூரத்தால் மங்கல். மங்கலால் எப்போதும் முழு வெளிச்சம், அதனால் கூடுதல் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டிய வழியில் பஞ்சும் ப்ளைவுட்டும். இவ்வளவையும் தினமும் தாங்கிய லேம்புக்கு, அன்றைக்கு மதியம் கரண்ட் போனதும் மூன்று முறை ரிமோட் அழுத்தியதும் கடைசித் தள்ளு.

ஆறடி ஸ்கிரீனுக்கு இந்த மாடலை 9 அடியிலிருந்து 10.6 அடிக்குள் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் முழு 3,300 லூமனும் ஸ்கிரீனில் விழும். ஈகோ மோடில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 2,200. பழைய இடத்தில் முழு வெளிச்சத்தில் கிடைத்ததைவிட அதிகம். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது முதலாளி ரொம்ப நேரம் பேசவில்லை.

மறுபடி அமைத்தது

பழைய புரொஜெக்டரைக் காப்பாற்ற முடியவில்லை. உடல் விரிசல் போக, சூட்டில் உள்ளேயிருந்த, ஒளியை வடிகட்டும் போலரைசர் தகடு கருகி, படத்தின் ஒரு மூலை மஞ்சளாகத் தெரிந்தது. லேசர் வாங்கலாமா என்று கேட்டார்கள். லேசரில் பாதரச லேம்ப் இல்லை, 20,000 மணி நேரம் என்கிறார்கள், அணைத்ததும் ஆறவிட வேண்டிய கட்டாயமும் பெரிதாக இல்லை. விலை மட்டும் அப்போது இரண்டு மடங்குக்கு மேல். தினமும் பத்து மணி நேரம் ஓடுகிற இடமாக இருந்தால் லேசரைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே ஐந்து மணி நேரம், அதுவும் ஈகோ மோடே போதும் என்று ஆன பிறகு லேம்ப் மாடலே சரி என்றேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். லேசரானாலும் சூடு உண்டு, ஃபேன் உண்டு, பஞ்சு அதையும் அடைக்கும்.

புதிதாக வாங்கியதை ஸ்கிரீனிலிருந்து 10 அடியில், ஹாலின் நடுக்கோட்டில், திறந்த பைப்பில் தொங்கவிட்டேன். பெட்டி கிடையாது. காற்று வெளியேறும் பக்கத்தில் மூன்றடிக்கு எதுவும் இல்லை. லென்ஸ் ஸ்கிரீனின் மேல் விளிம்பை ஒட்டிய உயரத்தில். இது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் உள்ள அட்டவணையைப் பார்த்துத்தான் பைப்பை வெட்ட வேண்டும். தலைகீழாக மாட்டியதால் மெனுவில் கூரை அமைப்புக்கு மாற்றினேன். கீஸ்டோன் பூஜ்யம். பிராக்கெட்டைச் சீலிங் பலகையில் இல்லாமல் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டி, தனியாக ஒரு ஸ்டீல் கம்பியும் கட்டினேன். எண்ணெய், பசை எதுவும் போடவில்லை. அந்தப் பெண் ஊழியரின் நாற்காலியையும் ஓரமாக நகர்த்தினோம்.

வயர் புதிதாக இழுத்தேன். மூன்று கோர், எர்த்தோடு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. கதவோரத்து போர்டில் இப்போது புரொஜெக்டர் சுவிட்ச் இல்லை. நடுவில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. அதன் திறன் சுமார் 360 வாட். ஈகோ மோடில் புரொஜெக்டர் இழுப்பது 220 வாட்டுக்குள். வேண்டுமென்றே மெயினை அணைத்துப் பார்த்தோம், ஆறு நிமிடம் தாங்கியது. ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிடம் போதும், எடுக்காவிட்டாலும் ஒழுங்காக அணைத்து ஆறவிட நேரம் இருக்கிறது. வீட்டில் லேம்ப் புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். ஸ்டெபிலைசருக்குச் செலவு செய்யாதீர்கள், பெரும்பாலான புரொஜெக்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே சமாளிக்கும். அந்தப் பணத்தில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.

லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குக் கேபிள் தூரம் 12 மீட்டர் வந்தது. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. சிக்னலைக் கேட்-6 என்ற நெட்வொர்க் வயரில் அனுப்பும் பெட்டி ஒன்றைப் போட்டேன்.

அப்புறம் இரண்டு மணி நேரம் ஊழியர்களோடு உட்கார்ந்தேன். அணைக்க ரிமோட்டில் இரண்டு முறை அழுத்த வேண்டும், ஃபேன் நின்று, பீப் சத்தம் கேட்ட பிறகுதான் பிளக்கைத் தொடலாம். சில புதிய மாடல்களில் உடனே துண்டிக்கலாம் என்று மேனுவலே சொல்லும். அப்படிச் சொல்லாதவரை ஆறவிட வேண்டும். கரண்ட் போய் அணைந்துவிட்டால் ஐந்து நிமிடம் தொடாதீர்கள், பையரிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன் என்றேன். லேம்ப் மாற்றும்போது ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கண்ணாடியில் விரல் படாமல் மாற்றினால்தான் கணக்கைப் பூஜ்யமாக்கலாம். அந்த வேலை என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஃபில்டரை எப்படிச் சுத்தம் செய்வது என்று பேசும்போது ஒரு தம்பி, "கம்ப்ரஸர்ல ஒரு அடி அடிச்சா போச்சுங்களே" என்றார். துணிக் கறை எடுக்கக் கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் கீழேயே இருக்கின்றன. இங்கே கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அந்த அழுத்தத்தில் காற்றடித்தால் பஞ்சு லென்ஸ் பக்கம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், ஃபேன் தாறுமாறாகச் சுழன்று பேரிங் போகும். கறை எடுக்கும் திரவமோ, எரியும் வாயு உள்ள ஸ்ப்ரேயோ சூடான லேம்பருகே போனால் தீப்பிடிக்கும். ஃபில்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, துண்டு விரித்துக் காட்டிய வாரம் என்றால் அந்த வாரமே.

கண்ணைப் பற்றியும் சொன்னேன். ஸ்கிரீன் முன்னால் நின்று துணியைக் காட்டுபவர் பேச்சு சுவாரசியத்தில் நேராக லென்ஸைப் பார்ப்பார். இந்த வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பது விழித்திரைக்குக் கெடுதல். விளக்கொளியின் பாதுகாப்புக்கான ஐஇசி 62471 தரத்தில் ரிஸ்க் குரூப் 2 என்று ஒட்டியிருக்கும் சின்னமே ஒளியை உற்றுப் பார்க்காதே என்பதற்குத்தான். துணி காட்டும்போது ரிமோட்டில் உள்ள ஏவி மியூட்டை அழுத்தினால் படம் இருண்டுவிடும். மேஜையில் வைத்து ஓட்டும் வீடுகளில், லென்ஸ் மூடியையோ புத்தகத்தையோ வைத்து வெளிச்சத்தை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். மூடி உருகும், தாள் கருகும். குழந்தைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்பதையும் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்கப் புரொஜெக்டரைக் கட்டில் மெத்தைமேல் வைப்பதும் வேண்டாம், அடிப்பக்கத்துக் காற்று வழியை மெத்தை அப்படியே மூடிவிடும்.

அதற்கடுத்த மாதம் ஊட்டியில் ஒரு தங்கும் விடுதிக்குப் போனபோது இந்தக் கரூர் அனுபவம் கை கொடுத்தது. சில்லென்ற ஊரில் புரொஜெக்டர் அடிக்கடி சூடாகி அணைந்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் அதே ஃபேன் வேகம் சூட்டை எடுக்கப் போதாது. 1,500 மீட்டருக்கு மேல் என்றால் மெனுவில் உள்ள உயரப் பகுதி மோடைப் போட வேண்டும், ஃபேன் வேகமாக ஓடும். போட்டதும் சரியாகிவிட்டது.

அதன் பிறகு

2024 மே மாதம் அதே ஹாலுக்குப் போனேன். லேம்ப் 1,150 மணி நேரம் ஓடியிருந்தது, முழுக்க ஈகோ மோடில். காற்று இழுக்கும் வாயருகே 29 டிகிரி. எச்டிஎம்ஐ முனையில் மீட்டர் பூஜ்யம். ஃபில்டர் சுத்தம் செய்த தேதிகளைச் சுவரில் மாட்டிய காலண்டரில் சுழித்து வைத்திருந்தார்கள். இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது, கேட்டால் திருவிழா லீவு என்றார்கள்.

ஆகஸ்டில் அந்தப் பெண் ஊழியர் போன் செய்தார். "அண்ணா, ஃபேன் சத்தம் நேத்திலிருந்து வேற மாதிரி கேக்குதுங்க. போன வாரம் பையருக்கு நாப்பது துண்டு விரிச்சுக் காட்டினோம். ஃபில்டரை நானே எடுத்துப் பாக்கட்டுங்களா?" அணைத்து, ஆறிய பிறகு எடுக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் படம் அனுப்பினார். உள்ளங்கையில் ஒரு சின்னப் பஞ்சுச் சுருள்.